சத்தமில்லாத இடம்

நவம்பர் 17, திங்கள்

கோமளா ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு இரவு.

குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசனை அறையில் மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி. ஒன்றரை வருடமாகப் பிரிந்திருக்கிறோம். தன்ஷிகா அவளோடு வில்லிவாக்கத்தில், அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து முதல் ஐந்து வரைதான் மகள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவாவது என்னோடு தங்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதினோரு வயதுப் பெண்ணை அப்பனிடம் ஓர் இரவு விட இவளுக்கு என்ன வந்தது?

"ராத்திரி இவர்கிட்ட விட பயமா இருக்கு மேடம்" என்றாள்.

குடிப்பாரா, அடிப்பாரா என்று ஆலோசகர் கேட்டார். அதெல்லாம் இல்லை என்று தலையசைத்துவிட்டு, "இவர் பக்கத்துல இருப்பார் மேடம். ஆனா இருக்க மாட்டார்" என்றாள். இதற்கு என்ன பொருள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆலோசகர்தான் வழி சொன்னார். டிசம்பர் 13 சனிக்கிழமை ஓர் இரவு பார்க்கலாம். நல்லபடியாகப் போனால் டிசம்பர் 18 வியாழக்கிழமை ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போடலாம்.

எங்கே தங்குவது என்பதைத் தன்ஷிகா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள். டென்ட். அவள் வகுப்பில் எவளோ ஏற்காட்டில் டென்ட்டுக்குள் தூங்கினாளாம். எனக்கும் அதுதான் வசதி. அம்பத்தூரில் இன்னொருவனோடு பங்கு போட்ட அறைக்குப் பெண் குழந்தையைக் கூட்டி வர முடியாது.

கோமளாவின் நிபந்தனைகள்: இரண்டு மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடம். கழிவறை. போனில் சிக்னல். இரவு எட்டுக்கும் காலை ஏழுக்கும் அவள் கூப்பிடுவாள். நான் சேர்த்துக்கொண்டது ஒன்று: சத்தமில்லாத இடம். பாப்பா நன்றாகத் தூங்க வேண்டும்.

நவம்பர் 22, சனி

இந்த நோட்டை இனி இதற்கே வைத்துக்கொள்வது.

சென்னையைச் சுற்றி டென்ட் போடலாம் என்று சொல்லாத ஆளில்லை, எங்கே என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. காட்டுக்குள் அனுமதி கிடையாது. கடற்கரையில் இருட்டினால் போலீஸ் எழுப்பி விடும். மிச்சம் இருப்பது யாராவது ஒருவருடைய நிலம்.

முதல் ஷிப்ட் முடிந்ததும் பைக்கை எடுத்தேன். கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு. சொந்தக்காரர் டென்ட் போட விடுகிறார். கழிவறை சுமார், சிக்னல் உண்டு, அம்பத்தூரிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம். மரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அப்படி ஓர் அமைதி. கடல் நூறடி தூரத்தில்தான், அலைகூட மரியாதையாக வந்து போனது.

சத்தம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பாப்பாவைத் தோப்புக்குக் கூட்டிப் போனேன். பைக்கை நிறுத்தியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"என்னப்பா இது, இங்க எப்படித் தூங்கறது?"

தோப்புக்குப் பின்னால் ஐஸ் பேக்டரியாம். ஜெனரேட்டர் ஓடுகிறதாம். அந்தப் பக்கத்து ரிசார்ட்டில் பாட்டு வேறு. நேற்று இல்லை, இன்றைக்குத்தான் ஆரம்பித்திருப்பார்கள் என்றேன். சொந்தக்காரர் தினமும் உண்டு என்று கையை ஆட்டிச் சொன்னார். நேற்றே சொல்லியிருக்க வேண்டாமா? வியாபாரம் என்று வந்துவிட்டால் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

திரும்பும்போது கரும்பு ஜூஸ் குடித்தோம். பாப்பா நடக்கும்போது எப்போதும் என் வலது பக்கமாக வந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். சின்ன வயதுப் பழக்கம்.

நவம்பர் 26, புதன்

கம்பெனியில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. கண், ரத்தம், எடை எல்லாம் கொடுத்தேன். காதுக்கு என்று ஒரு பெட்டிக்குள் உட்கார வைக்கிறார்கள். அந்த நேரத்துக்கு லைனில் வேலை இருக்கிறது என்று போய்விட்டேன். போன வருடமும் அப்படித்தான். நன்றாக இருக்கிற காதுக்கு எதற்குப் பரிசோதனை?

இரண்டு வருடம் முன்பு அந்தப் பெட்டிக்குள் போன ஆதிகேசவனை, இரும்புத் தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்து ஸ்டோரில் அட்டைப்பெட்டி எண்ண வைத்துவிட்டார்கள். இருபது வருட சூப்பர்வைசர். இப்போது பையன்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று "டேய் டமாரம்" என்கிறார்கள். அவன் திரும்புவதில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

பாப்பாவுக்குப் பரீட்சை, இன்று வரவில்லை. நான் மட்டும் செங்கல்பட்டுப் பக்கம் போனேன். மலையடிவாரம், புல்தரை, கூப்பிடு தூரத்தில் ஒரு கோயில், அதன் பக்கத்தில் சுத்தமான கழிவறை. ஆளரவம் இல்லை. கோமளாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். இந்தத் தடவை குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் பதில்: "பின்னாடி கல் உடைக்கிற மெஷின் ஓடுது. ரயில் வேற போகுது. இது உங்களுக்கு அமைதியான இடமா? விளையாடுறீங்களா?"

வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். போனில் மைக் கெட்டுப்போய் இரைச்சலாகப் பதிந்திருக்க வேண்டும். அப்படியே பதில் அனுப்பினேன். 

இன்னும் இரண்டே வாரம். இந்த ஓர் இரவு கிடைக்காவிட்டால் பாப்பா வளர்ந்து கல்லூரிக்குப் போகும் வரை எனக்கு ஞாயிற்றுக்கிழமை கரும்பு ஜூஸ்தான்.

டிசம்பர் 2, செவ்வாய்

என் அலாரம் அரைமணி நேரமாக அடித்ததாம். கூடத் தங்கியிருக்கும் அறைக்காரன் கத்தினான். விழித்துக்கொண்டுதான் இருந்தேன், சும்மா படுத்திருந்தேன் என்றேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். இவனுக்காக மாற்றிக்கொள்ள முடியுமா?

டிசம்பர் 6, சனி

கிடைத்துவிட்டது.

ஊத்துக்கோட்டைச் சாலையில் பிரிந்து உள்ளே ஆறு கிலோமீட்டர். அல்லிமேடு என்று ஊர். முனிரத்தினம் என்பவருடைய மாந்தோப்பு. அறுபது வயது இருக்கும், ஊரில் ஏரிப் பாசனத்தைப் பார்த்துக்கொள்பவர். தோப்பைக் காவல் காப்பது எல்லம்மா என்ற அம்மாள், மோட்டார் கொட்டகையிலேயே தங்குகிறாள். கொட்டகையை ஒட்டிப் புதுக் கழிவறை. சிக்னல் மூன்று கோடு. ஒன்றரை மணி நேரம்.

தோப்புக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் ஒரு மணல்வெளி. இருபதடி அகலம், இரண்டு பக்கமும் மேடு, இடுப்புயரம் நாணல். மாவு சலித்துக் கொட்டியது போன்ற மணல். கல் இல்லை, முள் இல்லை. காற்று மேலோடு போகிறது. டென்ட் போடுவதற்கென்றே யாரோ செய்து வைத்த இடம். பார்த்ததும் மனதுக்குள் பாப்பாவை அங்கே படுக்க வைத்துவிட்டேன்.

இந்தத் தடவை என் கண்ணை மட்டும் நம்பவில்லை. வீடியோ எடுத்து நேரே கோமளாவுக்கு அனுப்பினேன். "பரவாயில்லை. குருவிச் சத்தம்தான் கேக்குது" என்று பதில் வந்தது. அப்பாடா.

முனிரத்தினம் மேட்டு வழியே எனக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டே நிறையப் பேசினார். கையை ஏரிப் பக்கம் நீட்டினார், மணலைக் காட்டினார், தோப்பைக் காட்டினார். முழுதும் பிடிபடவில்லை. ஊர்க்காரர்களின் பேச்சு வேகம் அப்படி. நான் அங்கங்கே நின்று தலையாட்டினேன். அவருக்குச் சந்தோஷம். கிராமத்தில் நாலு வார்த்தை கேட்கிற ஆளுக்குத்தான் மதிப்பு.

டிசம்பர் 9, செவ்வாய்

இரண்டு நாளாக மழை. முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன். லைன் சரியில்லை. அவர்பாட்டுக்குப் பேசினார். "சரிங்க, சரிங்க, சனிக்கிழமை வந்துடறோம்" என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மழை விட்டுவிட்டது.

டிசம்பர் 11, வியாழன்

டென்ட் இரவல் கிடைத்தது. மொட்டை மாடியில் மூன்று தடவை போட்டுப் பிரித்துப் பழகினேன். முதல் தடவை நாற்பது நிமிடம், மூன்றாவது தடவை பதினைந்து. சின்ன கேஸ் ஸ்டவ், தார்ப்பாய், டார்ச், கொசுவர்த்தி, பாப்பாவுக்குப் புதுப் போர்வை. கூடவே அவளுக்குப் பிடித்த சேமியா.

கோமளாவின் அண்ணன் போனில் வந்து ஏதோ எச்சரித்தான். முழுதும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கவும் தேவையில்லை.

டிசம்பர் 13, சனி, மாலை 6.30

டென்ட் நின்றுவிட்டது. பாப்பா உள்ளே போர்வையை விரித்துத் தன் வீடு என்கிறாள். செருப்பை வெளியே விடாமல் வந்தால் எனக்கு அபராதமாம். வானம் தெளிவாக இருக்கிறது. ஒரு துண்டு மேகமில்லை. முனிரத்தினம் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். எல்லம்மாவும் இன்னும் வரவில்லை.

கொஞ்ச நேரம் முன்பு ஏரிக்கரை மேல் ஓர் ஆட்டோ, தலையில் மைக் கட்டி, மெதுவாகப் போயிற்று. கட்சிக் கூட்டமோ, புடவைத் தள்ளுபடியோ. இந்தக் காட்டுக்குள்ளும் விட மாட்டார்கள். நான் ஸ்டவ்வோடு போராடிக்கொண்டிருந்தேன். டென்ட்டுக்குள்ளிருந்து பாப்பா ஏதோ கேட்டாள். "சரிம்மா, சரி" என்றேன். சேமியா அடிப்பிடித்துவிட்டது.

இரவு 8.40

எட்டு மணிக்குக் கோமளா கூப்பிட்டாள். பாப்பா கதை கதையாகச் சொன்னாள். போனை என்னிடம் தந்தபோது, "ஜாக்கிரதை" என்று மட்டும் கோமளா சொன்னாள். கோபமில்லாத குரல். எத்தனை நாளாயிற்று.

பாப்பா தூங்கிவிட்டாள். சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதுவரை எழுதியது அப்படியில்லை.

காலை ஐந்தேகாலுக்குப் பாப்பா எழுந்து, போனை டார்ச்சாக வைத்துக்கொண்டு மணலைத் தாண்டி மேடேறிக் கழிவறைக்குப் போயிருக்கிறாள். என்னை எழுப்பினாளாம். நான் எழவில்லையாம். போய்விட்டு மேட்டுக்குத் திரும்பி வந்தபோது நாணலுக்குள் ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. யாரோ வெகுதூரத்தில் கை தட்டுவது போல என்றாள். டார்ச் அடித்தால் மணலைக் காணோம். தண்ணீர்.

நான் டென்ட் போட்ட இடம் ஏரியின் உபரி நீர் போகிற கால்வாய். மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் என்கிற வடிகால் மதகின் ஷட்டரைத் தூக்கி இந்த வழியாகத்தான் கீழ் ஏரிக்கு விடுவார்கள். மழை இங்கே பெய்ய வேண்டியதில்லை. வானம் தெளிவாக இருப்பதில் பயனில்லை. அத்தனை மெல்லிய மணல் அங்கே எப்படி வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

பாப்பா மேட்டில் நின்று அப்பா என்று கத்தியிருக்கிறாள். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. ராத்திரி வெகுநேரம் கழித்து வந்து, இருட்டில் டென்ட்டைப் பார்க்காமலே படுத்துவிட்ட எல்லம்மா கொட்டகைக்குள் அந்தச் சத்தத்தில்தான் விழித்தாளாம். கொட்டகை அங்கிருந்து நூறடிக்கு மேல். நான் இருபதடியில் படுத்திருந்தேன், வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு. இடது காதில் எனக்கு ஒன்றும் கேட்காது. ஏழு வருடமாகக் கேட்காது. வலதில் பாதி. இதோ எழுதிவிட்டேன்.

அப்பன் வரவில்லை என்றதும் அவள் தண்ணீரில் இறங்கிவிட்டாள். என்னை எழுப்புவதற்கு.

முதுகு நனைந்துதான் விழித்தேன். பாய் மிதந்தது. ஜிப்பைத் திறந்து வெளியே காலை வைத்தால் முழங்காலுக்கு மேல் தண்ணீர், இழுக்கிறது. அரை இருட்டு. எதிரே பாப்பா மார்பளவு தண்ணீரில் நாணலை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு கையில் போன் வெளிச்சம் தலைக்கு மேலே. வாய் திறந்திருக்கிறது. கழுத்து நரம்பு தெரிகிறது. கத்துகிறாள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

அதைப் பார்த்த கண்ணை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பாய்ந்தேன். நான் எட்டுவதற்குள் நாணல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவள் நாலடி போய்விட்டாள். மேட்டில் ஓடி வந்த எல்லம்மா மோட்டாரின் ஹோஸ் பைப்பை வீசினாள். நான் ஒரு கையில் அதையும் மறு கையில் பாப்பாவின் சட்டைக் காலரையும் பிடித்தேன். காலர் கிழியும் என்று நினைத்தேன். கிழியவில்லை. எப்படி மேடேறினோம் என்று நினைவில்லை. டென்ட் மட்டும் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, எங்களைத் தாண்டி, கீழ் ஏரிக்குப் போயிற்று.

எல்லம்மா பாப்பாவைத் தன் புடவையில் சுற்றிக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். அவள் பேசியது ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.

"இன்னா மனுசன்யா நீ. கொயந்த தொண்ட கிழிய கத்திக்கினு கீது. கட்ட மாதிரி பட்த்துனு கீறே. நேத்து சாய்ங்காலமே மைக்ல சொல்லிட்டுப் போனாங்களே, காலைல அஞ்சு மணிக்கு ஷட்டர் தூக்குறோம், கால்வாய்ல ஆடு மாடு கட்டாதீங்கன்னு."

முனிரத்தினமும் வந்துவிட்டார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "அன்னிக்கே சொன்னேனேங்க. மணல்ல போடாதீங்க, தோப்புக்குள்ள போடுங்கன்னு. போன்லயும் ஏரி ரொம்புது, சனிக்கிழமை வேணாம்னு சொன்னேன். சரிங்க சரிங்கன்னீங்க. ஊருக்குப் போறப்பகூட, தோப்புக்குள்ளதான் இருப்பாங்கன்னு நம்பிப் போனேன்" என்றார்.

அப்புறம் பாப்பா சொன்னாள். பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

"நானும் கேட்டேனே அப்பா. ஷட்டர் தொறக்கறாங்களாம், நாம இருக்கறது கால்வாயான்னு கேட்டேன். நீ சரிம்மா சரின்னியே. உனக்குத் தெரியும்போலன்னு விட்டுட்டேன்."

ஏழு மணிக்குக் கோமளாவின் அழைப்பு வந்தது. பாப்பா கையை விடாமல் தூக்கிப் பிடித்திருந்ததால் போன் அதிகம் நனையாமல் பிழைத்திருந்தது. கொட்டகை வாசலில், எல்லம்மாவின் புடவைக்குள்ளிருந்து அவள் பேசினாள். உதடு நீலமாக இருந்தது, முகம் சிரித்தது. "சூப்பர்மா. நல்லாத் தூங்கினேன். அப்பா சேமியா பண்ணாங்க. இல்லம்மா, ஒரு கொசுகூட இல்ல." நான் பக்கத்தில் நின்று அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

துணி காய்ந்த பிறகு கிளம்பினோம். வழியில் டீக்கடையில் என் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"அம்மாகிட்ட சொல்லாதப்பா. சொன்னா என்னை விடவே மாட்டாங்க. உனக்குக் காது கேக்காதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். நாலாங்கிளாஸ்லேர்ந்து தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல."

பதினோரு வயதுப் பெண் எனக்காக இரண்டு வருடமாக ஒரு ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். நான் பன் வாங்கிக் கொடுத்தேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

கோமளாவிடமிருந்து செய்தி: "பாப்பா ரொம்ப சந்தோஷமா இருக்கா. நான்தான் தேவையில்லாம பயந்துட்டேன். வியாழக்கிழமை கையெழுத்துப் போடறேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. மாதத்துக்கு இரண்டு இரவு. தோப்புக்குள் போட்டால் தண்ணீர் வராது. அடுத்த முறை ஊர்க்காரரிடம் முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு காது மிஷின் ரகசியமாக வாங்கி ராத்திரி மட்டும் போட்டுக்கொள்ளலாம். தப்பு யாரிடம் இல்லை? கிடைத்ததை யாராவது வேண்டாம் என்பார்களா? இப்படி நான்கு பக்கம் யோசித்து, நான்கையும் நானே நம்பப் பார்த்தேன்.

டிசம்பர் 17, புதன்

கண்ணை மூடினால் அந்த வாய்தான் தெரிகிறது.

தண்ணீர் வராமல் போகலாம். காய்ச்சல் வரலாம். வயிற்றுவலி வரலாம். பாம்பு வரலாம். அவள் கூப்பிடுவாள். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவுக்குக் கேட்காது என்று தானே சமாளித்துக்கொள்வாள். காலையில் நல்லாத் தூங்கினேன் என்று அம்மாவிடம் சொல்வாள். இப்போது அவளுக்குப் பொய் சொல்லத் தெரிந்துவிட்டது. கற்றுக்கொடுத்தவன் நான்.

டிசம்பர் 18, வியாழன்

அதே அறை, அதே மின்விசிறி. கோமளா நீலப் புடவையில் வந்திருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஆலோசகர் தாளை நீட்டினார். பேனாவை எடுத்தவளிடம், "போடாத" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மணல், ஆட்டோ, நாணல், ஹோஸ் பைப். பாப்பா மார்பளவுத் தண்ணீரில் நின்றதைச் சொல்லும்போது கோமளா எழுந்து நின்றுவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் காதைச் சொன்னேன். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது. ஆதிகேசவன் முதுகுக்குப் பின்னால் சிரித்தவன் இல்லையா நான்?

அவள் பேனாவை மூடி வைத்தாள். பிறகு உட்கார்ந்து, "எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

"ஏழு வருஷமா. லெஃப்ட்ல முதல்ல. அப்புறம் ரைட்லயும் கொஞ்சம்."

ஏழு வருஷம் என்று அவள் உதடு மட்டும் அசைந்தது. எங்களுக்கு இரண்டாவது குழந்தை நாலாம் மாதத்தில் கலைந்துபோனது ஐந்து வருடம் முன்பு.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கி ராத்திரி" என்றாள். "லைட்ட அணைச்சிட்டு உங்ககிட்ட பேசினேன். ரொம்ப நேரம் பேசினேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லல. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டீங்க. அன்னிக்கித்தான் எனக்கு எல்லாம் விட்டுப்போச்சு."

நான் அன்றைக்கு அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். எழுப்பக்கூடாது என்று மெதுவாகத் திரும்பிப் படுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

என் முகத்தையே பார்த்தாள். "இப்ப எப்படிங்க அதைச் சொல்ல முடியும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள், அது கையிலேயே இருந்தது. காது கேட்காது என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அன்றைக்கு நான் சொல்லியிருந்தால், இந்த மூன்று நாற்காலியில் நாங்கள் உட்கார்ந்திருக்க மாட்டோம். அது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. ஆலோசகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒப்பந்தத்தில் இரவு தங்குவது பற்றிய வரியை நானே அடித்தேன். அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கோமளாவும் போட்டாள். "மொதல்ல டாக்டரைப் பாருங்க. அப்புறம் பேசலாம்" என்றாள். அப்புறம் என்பது எப்போது என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் கம்பெனியில் மருத்துவ அதிகாரியிடம் பெயர் கொடுத்தேன். திங்கட்கிழமை அந்தப் பெட்டிக்குள் உட்கார வேண்டும். ஸ்டோருக்குப் போட்டால் போடட்டும்.

சாயங்காலம் பாப்பா கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"நான்தான் சொல்லலையே. நீ ஏம்ப்பா சொன்ன? எல்லாம் சரியாத்தானே போச்சு."

"சரியாப் போகல பாப்பா. நீ தண்ணில எறங்கின."

"அது உன்னை எழுப்பத்தான்."

"அதான் தப்பு. நீ கூப்பிட்டா நான் வரணும். நான் வரமாட்டேன்னா, வர்றவங்ககிட்டதான் நீ ராத்திரி இருக்கணும்."

போனை வலது காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அழுகிறாளா, வைத்துவிட்டாளா, மெல்ல ஏதாவது சொல்கிறாளா, தெரியவில்லை. இத்தனை வருடமாக இப்படிப்பட்ட நேரத்தில் நான் சரிம்மா என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். நாக்கு நுனி வரைக்கும் அது வந்துவிட்டது.

"பாப்பா, எனக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு."

வாழ்க்கையில் யாரிடமும் இதைக் கேட்டதில்லை. அறைக்காரன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வந்துடுன்னு சொன்னேன்."